அம்மை வீட்டில் ஐந்தாம் அங்கம்

அக்கா, முதல்லயே சொல்லிடறேன், நான் நல்லாத்தான் இருக்கேன். அம்மைங்கற வார்த்தை காதுல விழுந்ததும் அம்மா கோயிலுக்கு ஓடிடப் போறா. அம்மை எனக்கு இல்ல. என் கூட்டாளி ராஜரத்தினத்துக்கு. அவனும் இப்ப எந்திரிச்சு நடமாடறான், வேலைக்கும் போறான். சரியா?

சித்தப்பா என்னக் கண்டிக்குக் கூட்டிட்டு வந்தப்ப என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியுமே. "பகல்ல ஜவுளிக்கடை. சாயங்காலம் படிப்பு. சீனியர் பரீட்சை பாஸ் பண்ணினா உன் இஷ்டம். இல்லேன்னா தலைமன்னார்ல கப்பலேத்தி உங்க அம்மாகிட்டயே விட்டுருவேன்." அந்த மனுஷன் சும்மா மிரட்டற ஆளு இல்ல. ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியார் வேல எனக்குன்னு வச்சிருக்கேன்னு அங்க தலைமை வாத்தியார் சொல்லியிருந்தாரு. ஆனா இங்கிலீஷ் இலக்கியத்துல கட்டாயம் தேறியிருக்கணும். மத்ததெல்லாம் எப்படியோ சமாளிச்சிருவேன். இந்த ஒண்ணுதான் எனக்குச் சிக்கல்.

இலக்கியம்னா என்னன்னு நினைக்கற? ஒரு டிராஜடி. சோக நாடகம். பழைய கிரேக்கக் கதைய ஒருத்தர் இங்கிலீஷ்ல பாட்டா எழுதினது. அஞ்சு அங்கம். கதை படிச்சா மட்டும் போதாது. இது என்ன அணி, இது என்ன உத்தி, இங்க ஏன் இவன் தனியா பேசறான், அதுக்கு என்ன பேருன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லி, விளக்கமும் எழுதணும்.

அந்தப் புஸ்தகம் கண்டிக் கடைகள்ல ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. மத்ததெல்லாம் கப்பல்ல வருது வருதுன்னாங்க. வரவேயில்ல. நாங்க மூணு பேரு. நான், மக்கீன், ராஜரத்தினம். மக்கீனோட வாப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில இரும்புக்கடை. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துப் பையன், முனிசிபல் கந்தோர்ல, அதான் ஆபீஸ்ல, கிளார்க்கு. அந்த இரும்புக்கடைக்கு எதிர்ல, ராக்கம்மான்னு ஒரு அம்மா வீட்டு மாடியில குடியிருந்தான்.

மக்கீன் என்ன பண்ணினான் தெரியுமா? புஸ்தகத்தக் கடை மேசையில வச்சு, சவரக் கத்தியால முதுகக் கிழிச்சு மூணா வகுந்துட்டான். 

"என்னடா முழிக்கிறாய்? ரொட்டிய பிய்ச்சுத் திங்கிறல்லயா?" அப்படின்னான். "ஒவ்வொருத்தனும் அவன்ட பங்கப் படிச்சுப்போட்டு மத்தவனுக்குக் குடுக்கிற."

முதல் ரெண்டு அங்கம் எனக்கு. மூணும் நாலும் மக்கீனுக்கு. அஞ்சாவது ராஜரத்தினத்துக்கு. பேப்பரையே கடைசிப் பக்கத்துலருந்து படிக்கற ஆளு அவன், அவனா கேட்டு வாங்கினான். அஞ்சாவது அங்கத்தோடதான் புஸ்தகத்துப் பின்னால இருந்த சொல் விளக்கமும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுதான் உயிர்நாடி. அத அன்னிக்கி நாங்க யாரும் யோசிக்கல.

கதைய உனக்கும் சொல்றேன், இல்லேன்னா மிச்சம் புரியாது. ஒரு கோட்டை. வெளிய எதிரி முற்றுகை போட்டிருக்கான். ஒரு நாள் யாரோ தண்ணி வாசலத் திறந்து, வெளிய தாகத்துல கிடந்த எதிரிகளுக்குத் தண்ணி விட்டுடறாங்க. ராஜா சபையில நின்னு சத்தியம் பண்றாரு. "திறந்தவன் எவனா இருந்தாலும், அதே வாசல் வழியா ஆயுதம் இல்லாம வெளிய அனுப்புவேன்." வெளிய போனா என்ன ஆகும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திறந்தது யாரு? அவரோட சொந்த மகன். படிக்கறவனுக்கு ரெண்டாவது அங்கத்துலயே அது தெரிஞ்சிரும். ராஜாவுக்குத் தெரியாது.

நானும் மக்கீனும் எங்க பங்க மாத்திக்கிட்டோம். ராஜரத்தினம் மட்டும் குடுக்கல. "முடிவு தெரிஞ்சால் உங்களுக்கு முதல் பக்கம் படிக்க மனம் வராது. பிறகு ஆறுதலாத் தாறன்" அப்படின்னான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. நாங்க கேக்கக் கேக்க அவனுக்குச் சந்தோஷம்.

அப்படியே கார்த்திகை வந்துருச்சு. பரீட்சைக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. ஒரு நாள் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனா, வாசல்ல வேப்பிலைக் கொத்து சொருகியிருக்கு.

ராக்கம்மா கைய நீட்டித் தடுத்துட்டாங்க. "கிட்ட வராத. அம்மா எறங்கியிருக்கா."

நான் அப்படியே நின்னுட்டேன். அவனுக்கு எப்படி இருக்குன்னுதானே முதல்ல கேக்கணும்? கேட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே மனசுல புஸ்தகம் வந்துருச்சு அக்கா. பொய் சொல்லல.

"அம்மா, அவன்கிட்ட ஒரு புஸ்தகம்... பாதிதான்... கால்வாசி..."

"இந்த வீட்டுலருந்து ஒரு துரும்பு வெளிய போவாது. மூணு தண்ணி ஊத்தணும். அப்புறம் வா."

மூணாவது தண்ணி எப்பன்னு கேட்டேன். பரீட்சை முடிஞ்சதுக்கு அப்புறம். வேற பள்ளிக்கூடத்துப் பையன்கள்கிட்ட கேட்டுப் பாத்தோம். பரீட்சை நேரத்துல எவன் புஸ்தகத்தக் கடன் குடுப்பான்? ஒருத்தன் கதவையே சாத்திட்டான். மக்கீனோட உம்மா வேற, ஜன்னல் வழியா எறிஞ்சாக்கூட அந்தப் புஸ்தகக் கடதாசிய நம்ம வீட்டுக்குள்ள கொண்டுவரப் படாதுன்னு ஆணையிட்டுச் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சு.

அன்னிக்கி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. சித்தப்பா பாத்துட்டு, "என்னடா, ஊருக்குப் போற கவலையா?" அப்படின்னு சிரிச்சாரு.

மறுநாள் மக்கீன்தான் வழி கண்டுபிடிச்சான். ராஜரத்தினத்தோட மாடி ஜன்னல் இரும்புக்கடைப் பக்கம்தான் பாத்திருந்துச்சு. மக்கீன் ஒரு கம்பிய எடுத்து இன்னொரு கம்பியில டண் டண்ணுன்னு தட்டினான். ஜன்னல் திறந்துச்சு. அக்கா, அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும். கொப்புளத்துக்கு நடுவுல ரெண்டு கண்ணு. கையில வேப்பிலை.

"என்ன மச்சான், அழவோ சிரிக்கவோ எண்டு நிக்கிறியள்?"

"நாங்க சிரிக்கல்லடா," அப்படின்னு மக்கீன் வாயப் பொத்திக்கிட்டான். அப்புறம் எங்கிட்டத் திரும்பி மெதுவா, "பலாப்பழம் மாதிரி ஈக்கான்," அப்படின்னான். இருக்கான்ங்கறத அவன் ஈக்கான்னுதான் சொல்லுவான்.

"என்ன சொன்னவன்?"

"ஒண்ணும் இல்ல, நல்லா ஈக்கிறாய்னு சொன்ன!"

ராஜரத்தினம் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு என்னப் பாத்துக் கத்தினான். "அழகர், அதுதான்டா அசைட்! மேடையில ஒருத்தன் மற்றவனுக்குக் கேக்காமல் சபைக்கு மட்டும் சொல்லுறது. எழுது! இன்னொண்டு கேள். இந்த அம்மா என்ர அறையில இருந்த கண்ணாடிய எடுத்துக்கொண்டு போயிட்டா. என்ர முகம் எப்பிடி இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் வடிவா இருக்கிறன் எண்டு நினைச்சு நிண்டு கதைக்கிறன். நீங்கள் அடக்கிக்கொண்டு நிக்கிறியள். இதுக்கு என்ன பேர்?"

எனக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு. ராஜாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவரு பேசற ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு ஒண்ணு, நமக்கு வேற. "டிராமாட்டிக் ஐரனி!" அப்படின்னு நான் கத்தினதுல, ரோட்டுல ரொட்டி வித்துக்கிட்டுப் போன பாண்காரன் சைக்கிள நிறுத்திட்டான்.

அப்படி ஆரம்பிச்சதுதான். தினம் கடைவேல முடிச்சு, இருட்டறதுக்குள்ள கட்டுகஸ்தோட்டைக்கு ஓடுவேன். அவன் மேல, நாங்க கீழ. பிளாங்க் வெர்ஸ்னா இயைபு இல்லாத பாட்டு, ஆனா ஒரு வரிக்கு அஞ்சு அடி விழணும். மக்கீன் அதக் கம்பியில தட்டிக் காட்டினான். லேசா ஒண்ணு, ஓங்கி ஒண்ணு, லேசா ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. அவன் வாப்பா உள்ளருந்து, "டேய், யாவாரம் பண்றியா, கச்சேரி நடத்துறியா?" அப்படின்னு சத்தம் போட்டாரு. சாலிலக்வின்னா மேடையில ஆள் தனியா நின்னு தன் மனசத் தானே பேசறது. அத ராஜரத்தினம் அறைக்குள்ள நடந்துக்கிட்டே பேசிக் காட்டினப்ப, ராக்கம்மா பதறியடிச்சு ஓடி வந்து நெத்தியில கை வச்சுப் பாத்தாங்க. பிள்ளைக்கு ஜன்னி கண்டுருச்சுன்னு நினைச்சிருக்காங்க.

கதார்சிஸ்னு ஒண்ணு இருந்துச்சு. அது மட்டும் யாருக்கும் விளங்கல.

"பயமும் இரக்கமும் மனசில நிரம்பி, பிறகு கழுவிக்கொண்டு போறது எண்டு போட்டிருக்கு," அப்படின்னு ராஜரத்தினம் வாசிச்சான்.

"கழுவிக்கொண்டு எங்க போற?" அப்படின்னான் மக்கீன். "சோகக் கதையப் பாத்தா எனக்கு மூணு நாளைக்குச் சோகமாத்தான் ஈக்கும். எதுவும் கழுவுப்பட்றல்ல."

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

கடைசியா அஞ்சாவது அங்கத்துக்கு வந்தோம். அங்கதான் இடிச்சுது.

ராஜரத்தினம் ஆரம்பிச்சான். "மகன் தான்தான் திறந்தவன் எண்டு சொல்லிப்போட்டான். இனி அரசன் சத்தியத்தக் காப்பாத்த வேணும். மகன் சாக..."

படார்னு ராக்கம்மா ஜன்னலுக்கு வந்துட்டாங்க. "வாயக் கழுவு! அம்மா இருக்கற வீட்டுல என்ன பேச்சு பேசற? சாவுங்கற, கீவுங்கற!"

"அம்மா, அது கதை..."

"கதையோ கத்தரிக்காயோ. இந்த வீட்டுல அந்தப் பேச்சும் கூடாது, அழுகையும் கூடாது. அவ கோவிச்சுக்கிட்டா உன் கண்ணுக்குள்ள எறங்கிருவா. அப்புறம் ஒங்க ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது, நானா?"

நாங்க கும்பிட்டு, மன்னிச்சுக்கங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டோம். மறுநாள் ராஜரத்தினம் தந்திரம் பண்ணினான். முழுக்க இங்கிலீஷ்ல வாசிக்க ஆரம்பிச்சான். கொஞ்ச நேரம் ராக்கம்மா பேசாம வேப்பிலைய வீசிக்கிட்டு இருந்தாங்க. ஆனா அவன் ஆளு உணர்ச்சிக்காரன். ராஜா மகனக் கூப்பிடற இடம் வந்ததும் தொண்டை கம்மிருச்சு.

"நிறுத்துடா. இங்கிலீஷ் தெரியாட்டி அழுகை தெரியாதாடா எனக்கு?"

ஜன்னல் சாத்திருச்சு. உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுச்சு.

அக்கா, அடுத்த நாளுக்கு அடுத்த நாள் பரீட்சை. கதையோட முடிவு எனக்குத் தெரியாது. டிராஜடி எழுதப் போறவன், டிராஜடியில என்ன ஆச்சுன்னு தெரியாமப் போறேன். மகாவலி ஆத்துப் பாலத்துக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மழை பெஞ்சு தண்ணி காப்பி நிறத்துல ஓடுது. கப்பல்ல எந்தப் பக்கம் உக்காந்தா வாந்தி வராதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்னா பாத்துக்கயேன்.

மறுநாள் சாயங்காலம் நான் ராக்கம்மா வாசலுக்கே போனேன். ரோட்டுல நின்னுக்கிட்டே சொன்னேன். "அம்மா, ஒங்களுக்கு அவன் உசுரு முக்கியம். எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கு நான் தோத்தா என்னய ஊருக்கு அனுப்பிருவாங்க. எங்க வீட்டுல என் சம்பளத்த நம்பித்தான் எங்க அக்காவுக்கு..." அங்கயே நிறுத்திட்டேன். உன் பேச்சு வந்துருச்சு, அதான்.

அவங்க என்னயே பாத்தாங்க. "கெட்ட பேச்சு இல்லாம அந்தக் கதையச் சொல்ல முடியுமா, முடியாதா? அத அவன்கிட்ட கேளு." சொல்லிட்டு மாடிக்குப் போனாங்க.

ஜன்னல் திறந்துச்சு. ராஜரத்தினத்துக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்துச்சு, ஆனா கண்ணுல ஒரு வெளிச்சம்.

"மச்சான், நான் ராத்திரி முழுக்க அந்தக் கட்டத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சனான். நான் ஒரு மடையன்! இந்த நாடகத்தில ஒருத்தரும் மேடையில சாகிறேல்லை... மன்னிச்சுக்கொள்ளுங்கோம்மா, வாய் தவறிட்டுது. அரண்மனைக்குள்ள மகாராணி சுகமில்லாமல் படுத்திருக்கிறா. ஊர்ப் பெரியாக்கள் கோரஸா, சேர்ந்து பேசுற கூட்டமா நிக்கினம். கோட்டை வாசலில இருந்து ஒரு தூதன் ஓடி வாறான். அவங்கள் அவனைத் தடுத்துச் சொல்லுறாங்கள், 'உள்ள நோயாளி இருக்கிறா. அந்தச் சொல்லை இந்த வாசல்ல சொல்லாத. சொல்லாமல் சொல்லு.' அம்மா, உங்கட சட்டம்தான் அங்கயும்!"

ராக்கம்மா ஜன்னலுக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டாங்க.

"சொல்லு," அப்படின்னாங்க.

அவன் தமிழ்லயே சொன்னான். சத்தம் போடாம, குரல் உடையாம. நானும் மக்கீனும் கழுத்த அண்ணாந்துக்கிட்டு நின்னோம். பாண்காரனும் நின்னான். வெத்தலைக் கடை சிங்களப் பொம்பளையும் நின்னுச்சு, அதுக்கு எவ்வளவு விளங்குச்சோ தெரியல.

"பிள்ளை வாளைக் கழட்டி வாசற்காரன்ர கையில குடுத்தான். செருப்பையும் கழட்டி வச்சான், அந்தி நேரத்திலயும் மண் சுடுமெண்டு தெரிஞ்சும். வாசற்காரன் ஒரு குவளை தண்ணி குடுத்தான். பிள்ளை பாதியைக் குடிச்சிட்டு, மிச்சத்த வெளியில கொண்டு போனான். தாகத்தோட இருப்பாங்களெண்டு. கதவு சாத்தினது. நாங்கள் மதில்மேல நிண்டு பாத்தம். கொஞ்ச நேரம் அவன்ர வெள்ளைச் சட்டை தெரிஞ்சது. பிறகு தூசி. பிறகு... வாசற்காரன் தன்ர விளக்கைத் தரையில வச்சான். இரண்டாம் வாசற்காரனும் வச்சான். மதில் முழுக்க ஒவ்வொருத்தரா விளக்கைத் தரையில வச்சினம். அவ்வளவுதான் நான் கண்டது, ஐயாமாரே. இதுக்கு மேல என்னைக் கேக்காதையுங்கோ."

ஒரு பஸ் போச்சு. 

ராக்கம்மா எந்திரிச்சாங்க. மாடிப்படி இறங்கற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தாங்க. எங்களப் பாக்கவேயில்ல. எங்களத் தாண்டி, ரோட்டக் கடந்து, அந்தப் பக்கத்து வாகை மரத்தடியில போய் நின்னாங்க. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க அக்கா. தோள் குலுங்கக் குலுங்க. வீட்டுக்குள்ள அழக்கூடாதுல்ல? அதுக்காக ரோட்டத் தாண்டிப் போய் அழுதாங்க. அழுது முடிச்சு மூக்கச் சிந்தினாங்க. தெருக் குழாயில மூஞ்சி, கை, கால் எல்லாம் கழுவினாங்க. திரும்பி வந்தப்ப மூஞ்சி என்னமோ லேசா இருந்துச்சு. அப்பதான் தூங்கி எந்திரிச்ச மாதிரி.

"அந்த ராசா என்ன ஆனான்?" அப்படின்னு மேல பாத்துக் கேட்டாங்க.

"அவர் தானே போய் வாசலைத் திறந்து விட்டார், அம்மா. எல்லாருக்கும் தண்ணி குடுக்கச் சொல்லி. அதோட நாடகம் முடியுது."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் கடன்காரன்," அப்படின்னு திட்டிக்கிட்டே உள்ள போயிட்டாங்க. கஞ்சி காய்ச்சற நேரமாச்சாம்.

மக்கீன் எம் பக்கம் திரும்பினான். "டேய், இதானாடா அது? கழுவிக்கொண்டு போறது?"

மேல ராஜரத்தினம் தலைய மட்டும் ஆட்டினான். 

பரீட்சை மண்டபத்துல உக்காந்ததும் மை பேப்பர்ல ஒரு சொட்டு விழுந்துருச்சு. கேள்வியப் படிச்சா எழுத்தெல்லாம் நீந்துது. அப்புறம் ஒரு கேள்வி கண்ணுல பட்டுச்சு. இந்த நாடகத்தோட கடைசிச் சம்பவத்த மேடையில காட்டாம ஒரு தூதன் வாயால சொல்ல வச்சது ஏன், பாக்கறவங்க மனசுல அது என்ன பண்ணுதுன்னு விளக்கு.

நான் எழுதினேன் அக்கா. சபை, தூதன், கோரஸ், கதார்சிஸ் எல்லாத்தையும் பேர் சொல்லி எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். எங்க பக்கத்துல அம்மை போட்ட வீட்டுல சாவுன்னு சொல்ல மாட்டாங்க, அழணும்னா வெளிய போய் அழுதுட்டு, கை கால் கழுவிட்டுத்தான் உள்ள வருவாங்க, அந்த வெளிய போற இடத்தத்தான் இந்தக் கவிஞர் மேடைக்கு வெளிய வச்சிருக்காரு, அதுனாலதான் நம்ம மனசும் கழுவிக்கிட்டு வருதுன்னு அதையும் சேத்து எழுதிட்டேன். மணி அடிச்சதும் பக்குனுச்சு. இங்கிலாந்துல உக்காந்து பேப்பர் திருத்தறவன் மாரியம்மனக் கண்டானா, வேப்பிலையக் கண்டானா? பைத்தியக்காரன்னு கோடு போட்டு அடிச்சிருவானேன்னு பயம்.

மக்கீன் வெளிய வந்து தோள்ல தட்டினான். "நான் மகன மேடையிலேயே வெட்டிட்டன்டா. அவசரத்துல தூதன மறந்து போன."

"அய்யோ, ஏன்டா?"

"போகட்டும். வாப்பாட கடை ஈக்கிதானே எனக்கு."

ராஜரத்தினம் பரீட்சை எழுதவேயில்ல. மூணாவது தண்ணி ஊத்தின அன்னிக்கிப் போய்ப் பாத்தேன். மெலிஞ்சு போயிருந்தான். அவன் முகத்தப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அவன்தான் எங்கள்ல கெட்டிக்காரன். "வருசம் ஒண்டு போகும், அவ்வளவுதானே. அடுத்த வருசத்துக்கு வேற நாடகமாம். நீ மாஸ்டரா வந்து எனக்குச் சொல்லித் தா," அப்படின்னான். அவன் அப்படிச் சொன்னதுல எனக்கு இன்னும் பயம் கூடிச்சு. மாஸ்டராவேனான்னே தெரியலயே.

மாசி போச்சு, பங்குனி வந்துச்சு. ஒரு மத்தியானம் கடையில ஒரு அம்மாவுக்குச் சீட்டித் துணி விரிச்சுக் காட்டிக்கிட்டிருக்கேன். ராஜரத்தினம் கந்தோர் உடுப்போட வேர்த்து விறுவிறுத்து ஓடி வரான். முடிவு வந்துருச்சாம். ஒட்டியிருக்கற இடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கான். எனக்கு காது அடைச்சுருச்சு. வாய் அசையறது மட்டும் தெரியுது.

"பாஸ்! அழகர், பாஸ்! இலக்கியத்தில விசேஷ சித்தி, டிஸ்டிங்ஷன், மடையா!"

அந்த அம்மா சீட்டித் துணியப் பிடிச்சுக்கிட்டே என்னயப் பாத்துச் சிரிச்சாங்க. சித்தப்பா கல்லாவுலருந்து எந்திரிக்கல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. மாட்டினாரு. 

"எப்பப் போகணும்?" அப்படின்னாரு.

"அடுத்த மாசம் சேரச் சொல்லியிருக்காங்க, சித்தப்பா."

அவரு நடந்து போய், மேல் தட்டுலருந்து கறுப்புக் கம்பளித் துணிக் கட்ட இறக்கினாரு. துரைமாரு வந்தா மட்டும் காட்டற துணி. "ஹுன்னஸ்கிரியவுல குளுரு. கோட்டு இல்லாத வாத்தியார எந்தப் பிள்ளை மதிக்கும்? இங்க வா. கைய விரி."

நான் நடுக்கடையில கைய விரிச்சுக்கிட்டு நின்னேன் அக்கா. அவரு தோளுக்குத் தோள் அளந்தாரு. "ஆடாம நில்லுடா," அப்படின்னாரு. எங்க ஆடாம நிக்கறது?